ஒன்பதேகால் மணி நிழல்

காலை வெயில். மணல் விரித்த மைதானம். அதன்மேல் முந்நூறு நிழல்கள், வரிசை வரிசையாக, சத்தமில்லாமல் படுத்திருக்கின்றன.

தூத்துக்குடியில் வெயில் கடல் பக்கமிருந்து வரும். உப்பு வாசனையோடு வரும். சுற்றுச்சுவரைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பெண்பிள்ளைகளின் வலது தோளில் வந்து உட்காரும். இடது பக்கம் நிழல் விழும்.

உயர வரிசை. குட்டைப் பிள்ளை முன்னால், நெட்டைப் பிள்ளை பின்னால். நிழல்களும் அதே வரிசைதான். சின்னது, அதைவிடக் கொஞ்சம் பெரியது, அதைவிடவும் கொஞ்சம்.

பத்தாம் வகுப்பின் கடைசி நிழல் மட்டும் தன் இடத்தில் அடங்காது. பக்கத்தில் நிற்கும் ஒன்பதாம் வகுப்பு வரிசைவரை நீளும். அங்கே யாரோ ஒரு பிள்ளையின் செருப்பருகே தலையை வைத்துப் படுக்கும்.

தினமும் யாராவது ஒருத்தி அந்தத் தலையை மிதிப்பாள். மிதித்தவளுக்குத் தெரியாது. மிதிபட்டவளுக்குத் தெரியும்.

அவள் பெயர் சண்முகக்கனி. வீட்டில் கனி. வயது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் கொக்கு, கொடிக்கம்பம், டவர். அன்றன்றைக்கு யார் வாய்க்கு எது வந்ததோ அது.

எல்லோரும் கொடியைப் பார்த்துப் பாடும்போது கனி நிழலைப் பார்ப்பாள். பிறகு ஒரு முழங்காலை மடக்குவாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சுடிதாருக்குள் மடங்குவது வெளியே தெரியாது. நிழல் சுருங்கும். ஒன்பதாம் வகுப்பின் காலடியிலிருந்து தலையை இழுத்துக்கொள்ளும்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வரும்.

*

ஒன்பதேகால் மணிக்கு நிழலும் ஆளும் சரிக்குச் சரி. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தது.

ஒருநாள் கொடிக்கம்பத்தின் நிழலைப் பாதத்தால் அளந்தாள். கம்பத்தின் உயரம் அடிப்பக்கத்துக் கல்லிலேயே செதுக்கியிருந்தது. இரண்டும் ஒன்று. சூரியன் நாற்பத்தைந்து டிகிரியில் நிற்கிறது என்று அர்த்தம். டேன் நாற்பத்தைந்து, ஒன்று.

அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பாகவே இருந்தது. வானத்தில் இருக்கிற ஒன்றைக் காலால் அளந்துவிட்டாள் அல்லவா.

மறுநாள்தான் உறைத்தது. மற்ற நேரம் என்றால் நிழல் கூட்டிச் சொல்கிறது, குறைத்துச் சொல்கிறது என்று விட்டுவிடலாம். ஒன்பதேகாலுக்கு அது பொய் சொல்வதில்லை. மணலில் நீளமாகக் கிடப்பது அவளேதான்.

*

ஒன்பதாம் வகுப்பில் அவள் வரிசையில் எட்டாவது ஆள். வரிசையை வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் மாதம்தான் போடுவார்கள். வருஷம் முழுக்க வளர்ந்தவள் வரிசையில் மட்டும் வளரவில்லை.

ஜூனில் பி.டி. டீச்சர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். இன்னும் போ. இன்னும் போ. பன்னிரண்டு, இருபது, முப்பது. தோழிகள் ஒவ்வொருத்தியாக முன்னால் போனார்கள். பஸ்ஸில் போகிறவளுக்கு வழியோர மரங்கள் போகிற மாதிரி.

கடைசியில் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுவர் இருந்தது.

முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "ஏட்டி, மேல மழ பெய்யுதா?" என்று கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

நல்ல கேள்விதான். வேறு யாரையாவது கேட்டிருந்தால் கனியும் சிரித்திருப்பாள்.

*

அவள் அப்பாவும் இதே உயரம். உப்பு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் கர்நாடகத்து ரோட்டில் இருப்பார். வீட்டுக்கு வந்தால் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைவார். தெருவே அவரைப் பார்த்து, ஆள் என்ன கம்பீரம் என்று சொல்லும்.

அதே உயரம்தான். ஒரு அங்குலம் கூட மாறவில்லை. மகளுக்கு வந்ததும் அதன் பெயர் மாறிவிட்டது.

வைகாசியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இவளுக்கு மாப்ளைய எங்கன போயித் தேட? ஏணியோட வாரவனாத்தான் பாக்கணும்." இலை இலையாகச் சிரிப்பு பரவியது.

அம்மாவும் சிரித்தாள்.

அதுதான் போகவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது. அம்மாவின் சிரிப்பு மட்டும் கனிக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றது.

*

அதன்பிறகு அவள் வளராமல் இருப்பதற்குப் பாடுபட்டாள். படிப்பதைவிட அதிகம் பாடுபட்டாள்.

பால் வேண்டாம் என்றாள். சத்துணவில் போடும் முட்டையைத் தொடவில்லை. முட்டை தின்றால் எலும்பு நீளும் என்று எங்கோ கேட்டிருந்தாள். தேய்ந்து தகடான செருப்பைத்தான் போட்டாள். முடி ஒரு நூல் உயர்ந்துவிடக் கூடாதென்று எண்ணெய் வைத்து வழித்து வாரினாள். நிலையே இல்லாத இடத்திலும் குனிந்து நடந்தாள்.

மூன்றாவது பீரியடில் தலை சுற்றும். சில சாயங்காலம் சும்மா அழுகை வரும். ஏன் அழுதாய் என்று கேட்டால் பதில் இருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி அம்மாவின் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியிருந்தது. கனி எதிரே நின்றால் கழுத்துவரைதான் தெரியும். கழுத்து, தோள், சட்டைப் பொத்தான். தலை இல்லாத ஒரு நெட்டைப் பெண். மாதக்கணக்காக அவள் அந்தப் பெண்ணைத்தான் பார்த்து வந்தாள்.

*

கணக்கு ஒன்றுதான் அவளுக்குப் போக்கிடம்.

கணக்குக்குள் போய்விட்டால் அவளுக்கு உடம்பே கிடையாது. எக்ஸுக்கு உயரம் இல்லை. ஒய்க்கு யாரும் மாப்பிள்ளை தேடுவதில்லை. ஒரு வரி இறங்கும், அடுத்த வரி இறங்கும், கடைசியில் விடை வந்து சமர்த்தாக உட்காரும். அந்த நேரத்தில் அவள் இரண்டு காலையும் நீட்டித்தான் இருப்பாள். அவளுக்கே தெரியாது.

பதினொன்றில் கணக்குப் பிரிவு எடுக்க வேண்டும். அது ஒன்றைத்தான் அவள் ஆசைப்பட்டாள். வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

உடம்பு அங்கேயும் பின்னால் வந்தது.

ஜூன் முதல் வாரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல். "ஏட்டி, முன்னால செவுரு வச்சுட்டாங்க!" பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஏழாவது பெஞ்சுக்குப் போனாள். அதற்குப் பின்னால் பெஞ்சு இல்லை.

ஏழாவது பெஞ்சிலிருந்து பார்த்தால் கரும்பலகை மழைக்கால வானம். வெள்ளையாக ஏதோ நகரும். கூடும், கலையும். எட்டு மூன்றாகும். மூன்று எட்டாகும். ஈரத்தில் வைத்த உப்பைப் போல எண்கள் ஓரம் கரைந்து போகும்.

கண் மங்கல் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் முன்னால் வா என்பார்கள். அல்லது மூக்குக்கண்ணாடி போடு என்பார்கள். கொக்குக்கு சோடாபுட்டி வேறா என்று கேட்பார்கள்.

அவள் சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை தோறும் கணக்கு டெஸ்ட். தங்கபுஷ்பம் டீச்சர் கேள்விகளைப் பலகையில் எழுதுவார். ஐம்பது மார்க். முடிந்ததும் தாள் மாற்று.

சினேகிதிக்குச் சினேகிதி மார்க் போட்டுவிடக் கூடாது என்பதற்காக டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் பெஞ்சுத் தாள் கடைசிப் பெஞ்சுக்கு. கடைசிப் பெஞ்சுத் தாள் முதல் பெஞ்சுக்கு. டீச்சர் விடையை வாசிப்பார், பிள்ளைகள் திருத்துவார்கள். அடியில், திருத்தியவர் இன்னார் என்று எழுத வேண்டும்.

கனியின் தாளில் வாராவாரம் ஒரே பெயர். திருத்தியவர்: பெனிட்டா.

பெனிட்டா வரிசையின் முதல் ஆள். வகுப்பிலேயே குட்டை. போகிறவர் வருகிறவரெல்லாம் அவள் தலையில் தட்டிவிட்டுப் போவார்கள். மதியம் தட்டோடு ஒரு சுற்று வருவாள். "யாருக்குட்டி முட்ட வேண்டாம்?" கனியின் முட்டை தினமும் அவளுக்குத்தான் போகும். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வரிசையின் இரண்டு முனைகள். நடுவில் நாற்பது பேர்.

டீச்சர் விடை வாசிக்கும்போதே கனிக்குத் தெரிந்துவிடும். நம்முடைய எண் வேறு. ஐம்பதுக்கு எட்டு. ஐம்பதுக்கு ஆறு. ஒரு வாரம் பதினொன்று. அன்று மூன்று கேள்விகளைச் சரியாக ஊகித்திருந்தாள்.

படிக்காத கழுதை என்று டீச்சர் சொன்னார். கனி தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். தலை குனிவதில் ஒரு லாபம், உயரம் கொஞ்சம் குறையும்.

*

காலாண்டுத் தேர்வு வந்தது. கேள்வித்தாள் அச்சடித்து வந்தது.

கைக்கு எட்டிய தூரத்தில் எண்கள். மூன்று மூன்றாகவே இருந்தது. எட்டு எட்டாகவே இருந்தது. இரண்டரை மணி நேரம் கனி எங்கேயோ போய் வந்தாள். போய் வந்த இடத்தில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

தங்கபுஷ்பம் டீச்சர் அந்தத் தாளைப் பிரித்தபோது முகம் மலரவில்லை. கறுத்தது. "வாரா வாரம் ஆறு, எட்டு. பரிட்சையில தொண்ணூத்தி நாலா? யாரப் பாத்து எழுதுன?"

கனியின் முன் இருக்கையில்தான் வகுப்பின் முதல் மாணவி உட்கார்ந்து எழுதியிருந்தாள். அவளுக்குத் தொண்ணூற்றேழு.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "அவ ஒசரத்துக்கு எட்டிப் பாக்கவே வேண்டாம் டீச்சர். உக்காந்த மேனிக்கே எல்லாம் தெரியும்லா."

வகுப்பு சிரித்தது. எல்லாம் தெரியுமாம். எதுவுமே தெரியாதவளைப் பார்த்து.

டீச்சர் சிரிக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை டெஸ்டில் நாற்பது எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். தனியாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து. எடுக்காவிட்டால் காலாண்டு மார்க்கை அடித்துவிடுவார், அம்மா வந்து பதில் சொல்ல வேண்டும், பதினொன்றில் கணக்குப் பிரிவை மறந்துவிட வேண்டும்.

கடைசிப் பெஞ்சில். பலகையைப் பார்த்து. நாற்பது.

கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் முன்னால் போய் எல்லோர் கண்ணெதிரே உட்கார வேண்டும். சொல்லாவிட்டால் அவள் கள்ளி. திங்கள்கிழமை முழுக்க இரண்டையும் எடை போட்டாள். கள்ளி என்பதுதான் லேசாக இருந்தது. பாவம், அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

*

செவ்வாய் மதியம். கனி உட்கார்ந்திருந்த சைக்கிள் ஷெட்டின் தகரத்தில் வெயில் தகதகத்தது. பெனிட்டா வந்தாள். கையில் முட்டைத் தட்டு இல்லை. ஒரு கட்டுத் தாள் இருந்தது. திருத்திய தாள்களையெல்லாம் டீச்சரின் அலமாரியிலிருந்து வாங்கி வந்திருந்தாள்.

"ஏட்டி கனி. இந்தக் கணக்க எங்கருந்து எடுத்த?"

"போர்டுலருந்துதான்."

"போர்டுல எட்டு எக்ஸ். நீ மூணு எக்ஸ் போட்டுருக்க." பெனிட்டா தாளைத் தட்டினாள். "மெய் மூலங்கள் இல்லைன்னு முடிச்சிருக்க. நான் தப்புப் போட்டேன். நேத்து உக்காந்து ஒன் நம்பர வச்சுப் போட்டுப் பாத்தேன். மூணு எக்ஸுன்னா மூலம் இல்லதான். சரியா இருக்கு."

கனி அந்தத் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"இதுல போர்டுல முப்பது மீட்டர். ஒனக்கு எம்பது. எம்பதுக்கு உள்ள விட சரி. எல்லா டெஸ்டும் பாத்துட்டேன்ட்டி. ஒரு கணக்கு தப்பில்ல. கேள்விதான் வேற." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒனக்குப் போர்டு தெரியல. அதான?"

தகரத்தின்மேல் ஒரு காகம் நடந்தது. அதன் நகச் சத்தம் மட்டும் கேட்டது.

"யார்ட்டயும் சொல்லாத," என்றாள் கனி.

"கள்ளிங்காங்க ஒன்ன."

"சொல்லட்டும்."

"முன்னால வந்து உக்காந்தா என்னட்டி?"

"மறைக்கும்." அந்த ஒரு சொல்லுக்குள் நாலு மாதம் இருந்தது. சொன்னதும் கனிக்கு அழுகை வந்தது.

பெனிட்டா சமாதானம் சொல்லவில்லை. குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து மடித்து மடித்து அழுத்திய காகிதத்தை எடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. பழைய கணக்கு டெஸ்ட் தாள்கள்.

"ஒண்ணர இஞ்சு," என்றாள். "ரெண்டு காலுக்கும். நடந்தா வலிக்கும். ஓடவே முடியாது." கொஞ்சம் நின்றாள். "நீ வெட்டிக் குடு, நான் வாங்கிக்கிடுதேன்."

கனிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கால் வந்தது. ஒருத்தி தேய்ந்த செருப்பில், ஒருத்தி காகிதம் திணித்த ஷூவில். தகரத்து நிழலுக்குள் இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தார்கள்.

சொல்ல மாட்டேன் என்றாள் பெனிட்டா. "நீ சொல்லு."

*

புதன் சாயங்காலம் அம்மா சுடிதார் பேண்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜூனிலிருந்து இது மூன்றாவது தடவை. பிரித்த இடத்தில் பழைய மடிப்புகள் கோடு கோடாகக் கிடந்தன. கோட்டுக்கு மேலே வெளுத்த நீலம், கீழே கடையில் வாங்கிய அன்றைய நீலம்.

"இதுதான் கடசி மடிப்பு. இனி வளந்தன்னா புதுசுதான் எடுக்கணும்."

கனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "கல்யாண வீட்டுல அத்த சொன்னப்ப நீயும் சிரிச்சல்லாம்மா?"

ஊசி நின்றது. அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். அறுக்க வேண்டிய நூலே இல்லை, சும்மா கடித்தாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்," என்றாள் கடைசியில். "சிரிச்சிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். மேற்கே வானம் சிவந்து அடங்கியது. மேகம் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

விடிந்ததும் சுத்தியல் சத்தம். கனி எழுந்து வந்து பார்த்தாள். அம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று சுவரில் புது ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பழைய ஆணிக்கு ஒரு சாண் மேலே. கண்ணாடியை அதில் மாட்டிவிட்டு இறங்கினாள். குதிகாலை உயர்த்தி, எம்பி, தன் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

கனி கண்ணாடி முன் நின்றாள். முகம் இருந்தது. முழு முகம். ரொம்ப நாள் ஊரில் இல்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். மோசமில்லை என்று பட்டது. பட்டதும் வெட்கமாக இருந்தது.

*

வியாழக்கிழமை. நாலாவது பீரியட்.

டீச்சர் எழுத எழுதப் பலகையில் மேகம் கூடியது. சாக்பீஸ் சத்தம் தெளிவாகக் கேட்டது. எண் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது பெஞ்சில் கனி ஒருத்தி. முதல் பெஞ்சில் பெனிட்டா திரும்பிப் பார்க்காமல் இருந்தாள். அவள் கழுத்து விறைத்துப்போயிருந்தது.

கனி பேனாவை மூடினாள்.

எழுந்தாள். பாதி எழுந்து நிற்பதுதான் அவள் பழக்கம். அன்று முழுக்க எழுந்தாள். முழங்கால் இரண்டும் நேராயின. உள்ளே ஏதோ சொடக்கென்றது.

ஏழு பெஞ்சு தூரம் நடந்தாள். ஒவ்வொரு பெஞ்சிலும் கண்கள் மேலே ஏறின. திரும்பி ஓடிவிடலாம் என்று மூன்றாவது பெஞ்சில் தோன்றியது. இரண்டாவது பெஞ்சிலும் தோன்றியது.

"டீச்சர். எனக்குப் போர்டு தெரியல."

சாக்பீஸ் நின்றது.

"எப்பருந்து?"

"ஜூன்லருந்து."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு பெனிட்டா எழுந்து நீட்டிய தாள் கட்டைப் பார்த்தார். ஒரு தாளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அடுத்த தாளைப் பார்த்தார். ஓரத்தில் பெனிட்டா பலகையில் இருந்த சரியான எண்ணைக் குறித்திருந்தாள். எட்டுக்கு மூன்று. முப்பதுக்கு எண்பது.

டீச்சர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீச்சர்கள் கேட்பதில்லை. "இங்கயே உக்காரு," என்று முதல் பெஞ்சைக் காட்டினார்.

கனி உட்கார்ந்தாள். உடனே பின்னாலிருந்து வந்தது, அவள் நாலு மாதமாகப் பயந்த அந்தச் சொல். "டீச்சர், மறைக்குது."

வந்துவிட்டது. கனி கண்ணை மூடிக்கொண்டாள். வந்து, முடிந்தும் போய்விட்டது. கூரை இடிந்து விழவில்லை.

"கீழ எழுதுனா எப்பமும் மறைக்கத்தான் செய்யுது," என்றாள் ஐந்தாவது பெஞ்சில் ஒருத்தி. "மேல எழுதுங்க டீச்சர்."

"எனக்கு அங்க எட்டாதும்மா," என்றார் டீச்சர்.

அது உண்மை. பலகையின் மேல்பகுதி ஒரு முழ அகலத்துக்கு யார் கையும் படாமல் கிடந்தது. துடைப்பானும் எட்டியதில்லை. என்றைக்கோ, எந்த வருஷமோ, யாரோ நாற்காலி போட்டு எழுதிய ஒரு தேதி அங்கே பழுத்துப்போய் நின்றது. யாரும் அழிக்கவில்லை.

கனி எழுந்தாள். யாரும் சொல்லவில்லை. துடைப்பானை எடுத்துக் கையை உயர்த்தினாள். முழுக்கை. அந்தப் பழைய தேதியைத் துடைத்தாள். தூசி அவள் முகத்தில் விழுந்தது. சாக்பீஸை வாங்கி, கீழே இருந்த கேள்விகளைக் கிட்டத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்து, மேலே எழுதினாள். பெரிசு பெரிசாக. எட்டை எட்டாக. மூன்றை மூன்றாக.

"தெரியுதா?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"தெரியுது," என்றது ஏழாவது பெஞ்சு திசையிலிருந்து ஒரு குரல். அங்கே யாரும் இல்லை. ஆறாவது பெஞ்சுதான்.

தாள் மாற்றும்போது கனியின் தாள் முதல் தடவையாகக் கடைசிக்குப் போனது. நாற்பத்தாறு. டீச்சர் அந்த மார்க்கை இரண்டு தடவை வாசித்தார். போன நாலு மார்க்கும் கனியின் சொந்தத் தப்பு, கூட்டலில் கோட்டை விட்டிருந்தாள். கண்மேல் பழி போட முடியாது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மதியம் பெனிட்டா தட்டோடு வந்தாள். கனி முட்டையைப் பார்த்தாள். இரண்டாகப் பிட்டாள். பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியைத் தின்றாள்.

*

பத்து நாள் கழிந்தது. ஐப்பசி.

ஒன்பதேகால் மணி. மைதானத்தில் முந்நூறு பேர். ஒரு நிழல்கூட இல்லை. கடல் பக்கமிருந்து வெயிலுக்குப் பதில் மேகம் வந்திருந்தது.

கனி பழக்கதோஷத்தில் கீழே பார்த்தாள். மணல்தான் இருந்தது. அதில் அளக்க ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பின் செருப்புகள் யார் தலையையும் மிதிக்காமல் நின்றன.

அதனால் நிமிர்ந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி. கறுப்புச் சட்டம். சோடாபுட்டி என்று திங்கள்கிழமையே பெயர் வைத்துவிட்டார்கள். வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. கொடிக்கயிற்றின் முடிச்சு தெரிந்தது. வரிசையின் அந்தக் கோடியில் பெனிட்டாவின் ரிப்பன் தெரிந்தது. இன்று அவள் கொஞ்சம் குட்டையாக இருந்தாள். ஷூவுக்குள் காகிதம் இல்லை போலிருக்கிறது.

கனியின் இரண்டு முழங்காலும் நேராக இருந்தன.

முன்னால் நின்றவள் திரும்பினாள். கண்ணில் அதே பழைய குறும்பு. "ஏட்டி டவரு, மேல மழ பெய்யுதா?"

வரிசை சிரிக்கத் தயாரானது.

அப்போது கண்ணாடியின் இடது வட்டத்தில் ஒரு துளி வந்து விழுந்தது. ஒன்றே ஒன்று. உலகம் அதற்குள் தலைகீழாகச் சின்னதாகத் தெரிந்தது.

"ஆமா," என்றாள் கனி. "பெய்யுது."

கேட்டவள் சிரிக்க வாயைத் திறந்தாள். அவள் நெற்றியிலும் ஒரு துளி விழுந்தது. பிறகு அவளுக்கு முன்னால் நின்றவளுக்கு. பிறகு அதற்கும் முன்னால். கடைசியில் தொடங்கிய மழை ஒவ்வொருத்தியாகத் தொட்டுக்கொண்டு முன்னால் போனது. வரிசையின் முதல் ஆள் பெனிட்டா, அது வருவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.